வெள்ளச்சியைப் பயமுறுத்திய மரியாதை

சென்ற மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சாமான் அறையின் சாவியை ஒப்படைத்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சியாளர்கள் இருவர் உடன் இருந்தார்கள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அலமாரியின் அடித்தட்டில் முழ நீளத்தில் ஒரு கட்டை கிடந்தது. அதன் முனையில் துளையும், துளையில் ஒரு கயிற்று வளையமும் இருந்தன. அவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை.

"நாயைக் கட்டுறதுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

குதிரையின் மேலுதட்டை வளையத்துக்குள் இழுத்துவிட்டுக் கட்டையைத் திருகினால், வலியில் குதிரை அசையாமல் நிற்கும் என்றேன்.

"நீங்க திருகியிருக்கீங்களா?"

"திருகியிருக்கறேன்."

எத்தனை முறை என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "அப்புறம் எப்படிங்க விட்டீங்க?" என்றார் மற்றவர். அன்று அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சவாரிப் பள்ளி போத்தனூருக்குத் தெற்கே, ரயில் ஊதுவது லாயத்தில் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் லாயம் கூட்டும் வேலைக்குப் போனேன். என் அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலிகள். எனக்கு மாடு தெரியும், குதிரை தெரியாது. இரண்டு ஆண்டுகளில் தீனி, லாடம், சேணம் எல்லாம் பழகினேன். மூன்றாம் ஆண்டில் புதுக் குதிரைகளைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார்கள். எனக்குச் சொல்லித்தந்த முறை எளிமையானது. முதல் நாள் கம்பத்தில் குட்டையாகக் கட்டிவைப்பது. இரண்டாம் நாள் ஒரு முன்னங்காலை மடக்கிக் கட்டி, முதுகில் மணல் மூட்டை ஏற்றுவது. மூன்றாம் நாள் ஆள் ஏறுவது. நான்காம் நாள் குதிரை அடங்கிவிடும். காது தொங்கும். கண் ஒரே இடத்தில் நிற்கும். தீனி பாதி மிச்சமிருக்கும். 'சாந்தமாகிவிட்டது' என்று பதிவேட்டில் எழுதுவோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் செய்தேன். அதற்கு என் உடம்பு கொடுத்தது இரண்டு விலா எலும்புகளும், இன்றுவரை மடங்காத இடது கட்டைவிரலும்.

பிறகு பள்ளியை நடத்திய முதலாளி வயதாகி விலகினார். அவர் மகன் பொறுப்புக்கு வந்து, தலைமைப் பயிற்சியாளராக எஸ்தர் மேடத்தை அழைத்துவந்தார். அவருக்குத் தூத்துக்குடி. என்னைவிடப் பதினேழு வயது இளையவர். வந்த முதல் நாளே என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார். அவர் ஊரில் அது மரியாதை. கோயம்புத்தூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். என்னுடன் வேலை பார்த்த தங்கவேலு அன்று மாலையே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, கால் கிலோ தொவரம் பருப்பு குடுங்க."

"கடை லீவுடா, போ."

மேடத்தின் பழக்கங்களைச் சொல்ல வேண்டும். குதிரையிடம் போவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டுவார். ஏன் என்று கேட்டேன். "மணி பாத்தா எனக்கு அவசரம் வந்துரும் அண்ணாச்சி. அது கயித்து வழியா குதிரைக்கும் போயிரும்" என்றார். கயிற்றை எப்போதும் தொய்வாகத்தான் பிடிப்பார். குதிரை ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த உடனே அன்றைய பயிற்சியை முடித்துவிடுவார். ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தாலும் முடித்துவிடுவார். 'இன்னொரு தடவை' என்பது அவர் அகராதியில் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் நோட்டை எடுத்து எழுதுவார்.

முதல் ஓராண்டு நான் அவரை நம்பவில்லை. கட்டாமல், அடிக்காமல், ஒரு குதிரையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சம்பளமா என்று தங்கவேலுவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் பழக்கிய குதிரைகள் தீனியை மிச்சம் வைக்கவில்லை. நாங்கள் உள்ளே போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. பார்த்ததை மறுக்க முடியாதல்லவா? அவர் சொன்னதைச் செய்ய ஆரம்பித்தேன். புரிந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன். புரிந்தது வெள்ளச்சி வந்த பிறகுதான்.

வெள்ளச்சி அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய பெண் குதிரை. தூய வெள்ளை. மூக்கும் இமையும் இளஞ்சிவப்பு. ஏழு வயது. சவாரிக்கு நல்ல நடை. ஆனால் தலையைத் தொட விடமாட்டாள். காது பக்கம் கை போனால் போதும், முன்னங்கால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடும். கடிவாளம் மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். அவளை மேடம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

வந்த ஐந்தாம் மாதம் இடது கண்ணின் உள்மூலையில் சிவப்பாக ஒரு சதை தெரிந்தது. மருந்து போடத் தலையைத் தொட வேண்டும். தொட முடியவில்லை. சதை வளர்ந்தது. கால்நடை டாக்டர் வந்து எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கேன்சர் கட்டி மாதிரி தெரியுதுங்க. வெளுத்த தோலுக்கு வெயில்ல வாரது. இங்கெ வெச்சு ஆபரேசன் பண்ண முடியாதுங்க. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

"எத்தனை நாள் தாங்கும் டாக்டர்?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டு வாரத்துக்குள்ள போனா நல்லது. எலும்புக்குள்ள எறங்கீட்டா அப்புறம் கஷ்டப்பட வைக்காம ஊசி போடறதுதான் வழிங்க."

மயக்க ஊசி போட்டு வண்டியில் ஏற்றலாமா என்று கேட்டோம். மூன்றரை மணி நேரப் பயணம். பாதி வழியில் மயக்கம் தெளியும். ஓடுகிற வண்டியில் தள்ளாடித் தெளிகிற குதிரை காலை உடைத்துக்கொள்ளும் என்றார். வெள்ளச்சி தானாக ஏறி, தானாக நிற்க வேண்டும். வேறு வழியில்லை.

மறுநாள் மேடம் தேவாலயத்துக்குப் போயிருந்தார். முதலாளியின் மகன் வண்டியை வரவழைத்துவிட்டார். "சட்டுப்புட்டுன்னு ஏத்தி அனுப்பீரலாமுங்க" என்றார். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். பின்தொடைக்குக் குறுக்கே இரண்டு கயிறு போட்டோம். இரண்டு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். முன்னால் தலைக்கயிற்றைப் பிடித்தவன் நான். பழைய கை சொன்னபடி இழுத்தேன். வெள்ளச்சி நேராக எழுந்து வண்டியின் மேல் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். தங்கவேலுவின் தோள் இறங்கிவிட்டது. அவள் எழுந்து லாயத்தின் கடைசி மூலைக்குப் போய் நின்றாள். அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மேடம் வந்ததும் கத்துவார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். யார் எங்கே நின்றோம், யார் முதலில் இழுத்தோம், குதிரை எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியில், "கயிறு யார் கையில அண்ணாச்சி?" என்றார். என் கையில் என்றேன். அதையும் எழுதினார். பிறகு, "நாளையிலருந்து அவ கயிறு உங்க கையில மட்டும்தான் இருக்கும். வேற யாரும் தொடக் கூடாது" என்றார்.

அது தண்டனையா, நம்பிக்கையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாட்கள் இருந்தன. வாடகை வண்டியை லாயத்து வாசலிலேயே நிறுத்திவைத்தோம். ஏறுபலகை இரும்பு, மிதித்தால் 'டங்' என்று ஓசை வரும். கோணிச் சாக்கு விரித்தோம், வழுக்கியது. மேடத்தின் அலுவலகத்தில் கிடந்த பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டோம், ஓசை அடங்கியது. விதிகள் மூன்று. கயிற்றை இழுக்கக் கூடாது. அவள் பின்னால் போக விரும்பினால் போக விட வேண்டும். முன்னால் ஓர் அடி வைத்தால், அந்த அடியோடு நிறுத்தித் திரும்பிவிட வேண்டும்.

முதல் நாள் வண்டியைப் பார்த்துக்கொண்டு இருபதடி தள்ளி நின்றாள். இரண்டாம் நாள் ஜமக்காளத்தை முகர்ந்தாள். மூன்றாம் நாள் ஒரு குளம்பு மேலே. நன்றாகத்தான் போனது. ஆனால் இடையிடையே, காரணமே இல்லாமல், தலையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் பாய்வாள். காற்று இல்லை, ரயில் இல்லை, நாய் இல்லை. நோட்டில் நேரம் போட்டு எழுதினேன். காலை ஆறு நாற்பது, ஆறு ஐம்பத்தைந்து, ஏழு பத்து. எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

"பாயறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

"யாராவது பேசுனீங்களா?"

"இல்லீங்க மேடம். எல்லாரும் சும்மாதான் நின்னோமுங்க."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

நான்காம் நாள் மேடம் செல்போனை வேலிக்கம்பத்தில் கட்டிப் படம் பிடித்தார். மாலையில் என்னையும் தங்கவேலுவையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். தங்கவேலு தோளில் கட்டுப் போட்டிருந்தான். படத்தில் வெள்ளச்சி பலகையில் ஒரு காலை வைத்து நிற்கிறாள். என் குரல் கேட்கிறது. "ஏனுங்க, அந்த பக்கெட்டெச் சித்தெ தள்ளி வைங்க." அடுத்த நொடி அவள் பாய்கிறாள். மேடம் படத்தைத் தள்ளினார். இன்னோர் இடம். தங்கவேலுவின் குரல். "ஏனுங்க, போதுமுங்களா?" பாய்கிறாள். மூன்றாவது இடத்தில் வாசலில் நின்ற பால்காரர், குதிரைக்குச் சம்பந்தமே இல்லாதவர். "ஏனுங்க, பால் வேணுமுங்களா?"

"ஏனுங்கன்னு வாயெடுத்த உடனே காது பின்னால போவுது. பாத்தீயளா?" என்றார் மேடம்.

மறுபடி போடச் சொன்னேன். மூன்று முறை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட, கேள்வி கேட்க, பேச்சைத் தொடங்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான் முதலில் வரும். மூச்சு விடுவதை யாரும் பேச்சாகக் கணக்கிடுவதில்லை. என் காதுக்கும் அது பேச்சாகவே படவில்லை. தூத்துக்குடிக் காதுக்குத்தான் அது தனியாகக் கேட்டது.

அந்தியூரில் அவளை விற்ற தரகருக்குப் போன் செய்தேன். மேடம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, சொல்லுங்க" என்றார் தரகர். முதல் சொல்லே அதுதான். தங்கவேலு சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டான்.

குதிரையை அடித்துப் பழக்கினீர்களா என்று கேட்டேன்.

"அடிக்கறதெல்லாம் நம்மகிட்டெ இல்லீங்க. லாடம் கட்டறப்ப, வண்டி ஏத்தறப்ப காதெப் புடிச்சு முறுக்குவோமுங்க. அவ்வளவுதானுங்க."

"ஒருத்தர் காலைப் புடிக்கறாரு, இன்னொருத்தர் காதை முறுக்கறாரு. எப்ப முறுக்கோணும்னு அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"ஏனுங்கன்னு ஒரு கொரல் குடுப்பமுங்க. கப்புனு புடிச்சுக்குவாரு."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அந்த ஆள் கெட்டவர் இல்லை. அவர் குரலில் கோபம்கூட இல்லை. மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாகக் காதை முறுக்கியிருக்கிறார். நானும் வேறு குதிரைகளிடம் அதையே செய்திருக்கிறேன்.

மேடம் உடனே ஒரு பலகையில் எழுதி மாட்டினார்: 'இந்த வளாகத்தில் ஏனுங்க என்று சொல்லக் கூடாது.' மறுநாள் காலை எட்டு மணிக்குள் பதினோரு பேர் மீறினார்கள். தீனி மூட்டை இறக்க வந்தவர் பலகையை வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஏனுங்க, இது எதுக்குங்க?" என்று என்னிடமே கேட்டார். முதலாளியின் மகன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். தங்கவேலு பேசுவதையே நிறுத்திக் கையைத் தட்டிக் கூப்பிட்டான். அதற்கு வேறு குதிரைகள் மிரண்டன.

அன்று மதியம் மேடத்திடம் முதல்முறையாக மாற்றுக் கருத்து சொன்னேன்.

"மேடம், இங்கெ வாயெக் கட்டலாமுங்க. போற வழியில காங்கேயத்துல கட்ட முடியுமுங்களா? ஆஸ்பத்திரியில அத்தனை பேரும் நம்மூர்ப் பேச்சுத்தானுங்க. டாக்டரே ஏனுங்கன்னுதான் வாயெத் தொறப்பாரு."

"அப்ப என்ன செய்யணுங்கிய?"

"அந்தச் சொல்லு வந்தா வலி வரும்னு அவளுக்கு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. அந்தச் சொல்லு வந்தா வேற ஒண்ணு வரும்னு நாம சொல்லிக் குடுக்கலாமுங்க."

மேடம் நோட்டை மூடினார். பிறகு எழுந்து போய்ப் பலகையைக் கழற்றினார்.

செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். லாயத்துக்கு வெளியே, அவள் வலது கண்ணுக்குத் தெரியும்படி பத்தடி தள்ளி நின்றேன். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு முறை 'ஏனுங்க' என்றேன். மனதுக்குள் இரண்டு எண்ணினேன். நீண்ட கம்பில் கட்டிய டப்பாவிலிருந்து ஒரு கேரட் துண்டை அவள் தொட்டியில் போட்டேன். திரும்பி நடந்தேன். சொல் முதலில், கேரட் பிறகு. கேரட்டைக் காட்டிவிட்டுச் சொன்னால் அது லஞ்சமாகிவிடும். கேரட்டை நம்புவாள், சொல்லை நம்பமாட்டாள். காலையில் எட்டு முறை, மாலையில் எட்டு முறை. அவளைத் தொடவே இல்லை.

முதல் நாள் ஒவ்வொரு முறையும் மூலைக்கு ஓடினாள். கேரட் தொட்டியில் அப்படியே கிடந்தது. இரண்டாம் நாள் ஓடவில்லை, காது மட்டும் பின்னால் போனது. கேரட்டை நான் போன பிறகு தின்றாள். மூன்றாம் நாள் மாலை, ஐந்தாவது முறை சொன்னபோது, காது பின்னால் போய் அங்கிருந்து முன்னால் வந்தது. தொட்டியைப் பார்த்தாள். அன்று அத்துடன் நிறுத்தினேன். மூன்று முறை மிச்சமிருந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்க்க நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வெளியே வந்தபோதுதான், மேடம் ஏன் எப்போதும் அப்படி நிறுத்தினார் என்பது எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு தங்கவேலு சொன்னான், நான் கேரட் கொடுத்தேன். பிறகு பால்காரர். அவருக்கு ஒரே பெருமை. "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா?" என்று நின்று விசாரித்துவிட்டுப் போவார். பத்தாம் நாள் வெள்ளச்சி நான்கு கால்களையும் ஜமக்காளத்தில் வைத்தாள். பதினோராம் நாள் வண்டிக்குள் போய்த் தீனி தின்றாள். குதிரை பின்வாங்காமல் தடுக்கும் பின்கட்டையைப் போட்டு உடனே எடுத்தோம்.

பன்னிரண்டாம் நாள் காலை, பழகிய டிரைவருக்குக் காய்ச்சல். பல்லடத்திலிருந்து வேறொருவர் வந்தார். கோழி லாரி ஓட்டுகிறவர், கனத்த குரல். வந்தவருக்கு எதையும் விளக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை; வெள்ளச்சி ஏற ஆரம்பித்துவிட்டாள். உள்ளே போனாள். நான் தலைப்பக்கம் நின்றேன். கயிறு தொய்வாக இருந்தது. அப்போது அவளுடைய கெட்ட கண்ணின் பக்கமிருந்து டிரைவர் உரக்கக் கேட்டார்.

"ஏனுங்க! கட்டையெப் போட்டுரலாமுங்களா?"

என் கை தானாக இறுகியது. வேண்டுமென்றே விரல்களைத் திறந்தேன். பாய்ந்தால் பாயட்டும் என்று விட்டேன்.

வெள்ளச்சி கழுத்தை வளைத்து, அந்தக் குரலை நோக்கி மூக்கை நீட்டினாள்.

டிரைவர் ஓரடி பின்வாங்கினார். "என்னங்க இது, கடிக்குமுங்களா?"

"கடிக்காதுங்க. உங்ககிட்டெ என்னமோ எதிர்பாக்குது. பாக்கெட்டுல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவரிடம் ஒரு கடலை மிட்டாய் இருந்தது. உடைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் தின்றாள். அவள் தின்றுகொண்டிருக்கும்போதே தங்கவேலு பின்கட்டையைப் போட்டான். வழியில் காங்கேயத்தில் ஒரு முறை தண்ணீர் காட்டினோம். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. டாக்டர் கொடுத்த கெடு முடிய ஒரு நாள் மீதமிருக்க, மதியம் ஒரு மணிக்கு நாமக்கல்லில் இறக்கினோம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி எலும்புக்குப் போயிருக்கவில்லை. ஆனால் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இடது கண்ணை எடுத்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். "இடப்பக்கம் இனி இருட்டுங்க. குரல் குடுக்காம அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. குரலெ நம்புச்சுன்னா நல்லா இருக்கும்" என்றார்.

பதினெட்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தோம். வண்டியிலிருந்து இறங்குவதுதான் பயமாக இருந்தது. பின்பக்கமாக இறங்க வேண்டும். முகத்தில் புதுத் தையல். பலகையின் இடது ஓரம் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஓரத்தில் யாராவது நின்று குரல் கொடுத்தால்தான் அது அவளுக்கு எல்லையாகும். நான் தலைப்பக்கம் இருந்தேன். தங்கவேலு பின்கட்டையைப் பிடித்திருந்தான். மீதி இருந்தவர் மேடம்தான். பலகையின் இடது ஓரத்தில் போய் நின்றார்.

வெள்ளச்சி ஒரு பின்னங்காலைத் தூக்கினாள். வைக்க இடம் தேடி, காற்றில் அப்படியே நிறுத்தினாள்.

எங்களோடு ஆறு ஆண்டுகள் இருந்தும் அந்தச் சொல்லை மேடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, முதல் எழுத்தைக் கொஞ்சம் அதிகமாக இழுத்து, "ஏஏனுங்க" என்றார்.

தங்கவேலு சிரிக்கவில்லை. வெள்ளச்சியின் இடது காது மேடத்தின் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது. கால் ஒரு சாண் வலப்பக்கம் நகர்ந்து ஜமக்காளத்தில் இறங்கியது.